வரவேற்புக்கு மட்டுமா பாண்ட்?

தை, மாசி மாதங்களில் வன்னியில் எந்தப் பள்ளிக்கூடப் பக்கம் போனாலும் பாண்ட் சத்தம் கேட்கும். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான ஒத்திகை. விருந்தினரை வாசலில் இருந்து கூட்டிவரத்தான் பாண்ட் வாசிக்கும் பிள்ளைகள் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஆறாம் தரத்தில் சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம் என்ற அழகியல் பாடங்களில் ஒன்றைத்தான் பிள்ளை எடுக்கலாம். சித்திரம் எடுத்த பிள்ளைக்கு வகுப்பறையில் இசை அத்தோடு சரி. அந்தப் பிள்ளையையும் பாண்ட் சேர்த்துக்கொள்கிறது. பெரிய ட்றம்மின் அடி இடது காலில் விழுவதைப் பிடித்துக்கொண்டால் தொடங்கிவிடலாம். வரிசை திரும்பும் இடத்தைப் பாருங்கள்: உள்பக்கப் பிள்ளை அடியைச் சுருக்க, வெளிப்பக்கப் பிள்ளை எட்டி வைக்க, மெலோடிக்காக்காரி குழாயில் ஊதியபடியே கடைக்கண்ணால் பக்கத்துத் தோளைப் பார்க்கிறாள். பக்கத்தில் நிற்பவரைக் கவனித்து நடக்க இவ்வளவு அழகாக வேறெந்தப் பாடம் பழக்குகிறது?

2009இல் போர் முடிந்த பிறகு மக்கள் ஊர் திரும்பியபோது கிளிநொச்சி, முல்லைத்தீவில் பிள்ளைகள் மரத்தடியிலும் தறப்பாளின் கீழும் படித்தார்கள். கூரை, கதிரை, மேசைக்குப் பிறகுதான் வாத்தியம். அது நியாயம். ஆனால் இப்போதும் வாத்தியத்தைக் கடைசியில் வைக்கலாமா?

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களே, நுழைவாயில் வளைவுக்குக் காசு சேர்க்கும்போது ட்றம் தோலுக்கும், குச்சிக்கும், வருடம் முழுக்கப் பழக்கும் ஒரு பயிற்றுநரின் கொடுப்பனவுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள்.