ஓடு எங்கே கிடந்தது?

சில்வண்டு பதினேழு வருடம் மண்ணுக்குள் தவம் இருக்குமாம். பிறகு அருணாசல மலையைத் தரிசிக்க ஒரே ஒரு முறை வெளியே வந்து, பாடி, உயிரை விடுமாம். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்கு எதிரே டீ குடிக்கிற இடங்களில் இந்தக் கதையைப் பல வாய்களில் கேட்டுவிட்டேன். வாட்ஸ்அப்பிலும் வந்தது, தீபப் படத்தோடு.

பதினேழு வருடக் கணக்கு அமெரிக்காவின் கிழக்குப் பகுதிப் பூச்சிகளுடையது. அங்கே சில இனங்கள் பதிமூன்று வருடத்துக்கு ஒருமுறையும் சில இனங்கள் பதினேழுக்கு ஒருமுறையும் கிளம்பும். 2024ல் அப்படி இரண்டு பெருங்கூட்டங்கள் ஒரே வருடத்தில் வந்தன. அதற்கு முன் அவை சேர்ந்து வந்தது 1803ல். இந்தியாவிலும் ஒன்று இருக்கிறது. மேகாலயாவின் ரி-போய் மாவட்டத்தில் நான்கு வருடத்துக்கு ஒருமுறை கூட்டமாக வரும். 2013ல்தான் அதற்கு க்ரெமிஸ்டிகா ரிபோயி என்று அறிவியல் பெயர் வைத்தார்கள். உலகக் கோப்பைக் கால்பந்து நடக்கிற வருடங்களோடு அதன் கணக்கு ஒத்துப்போகிறது. ஊர்க்காரர்கள் தவமெல்லாம் பார்ப்பதில்லை, பிடித்துச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். நம் மலையிலோ கோடை மழை விழுந்த கையோடு ஆண்டு தவறாமல் சத்தம் கேட்கிறது. இதில் பதினேழு எங்கிருந்து வந்தது?

எரிச்சல் அத்தோடு தணிந்திருக்கும். என் அத்தை விடவில்லை. எழுபதுகளில் கல்யாணமாகி ரமண நகருக்கு வந்தவர். கதையைச் சொன்னதும், "போடி, நான் வந்தப்போ மலை மொட்டை. பாறையும் புல்லும்தான். ஒரு சில்வண்டு கத்தி நான் கேட்டதில்லை" என்றார். எனக்கோ சின்ன வயதுக் கோடை விடுமுறை என்றால் அந்தச் சத்தம்தான் முதலில் ஞாபகம் வரும். அத்தை காதுக்கு எட்டாதது என் காதுக்கு மட்டும் எப்படி எட்டியது? இந்தச் சத்தத்துக்கு இங்கே என்ன வயது?

முதலில் புத்தகங்களுக்குப் போனேன். ஞானி ரமணர் 1896ல் இந்த ஊருக்கு வந்தவர். 1950ல் மறையும் வரை எங்கும் போகவில்லை. அவர் பேசியதை, நடந்ததை, சிரித்ததைக்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். அணில் வருகிறது, குரங்கு வருகிறது, பசு லட்சுமி வருகிறாள், பரோடா மகாராணி 1947ல் அனுப்பிய வெள்ளை மயில் வருகிறது. பூச்சியும் வருகிறது: மலைப் புதரில் கால் பட்டுக் கூடு கலைந்ததும் குளவிகள் தொடையைக் கொட்டித் தீர்க்க, அவர் நகராமல் நின்றிருந்த அந்தப் பிரபலமான சம்பவம். சில்வண்டு மட்டும் என் கண்ணில் சிக்கவில்லை. அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஞானியின் வாயைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் பூச்சிச் சத்தத்தையா குறித்து வைப்பார்கள்?

சரி, எந்த இனம் என்று தெரிந்தால் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும் என்று பெயரைத் துரத்தினேன். பூச்சியியலாளர் டபிள்யூ. எல். டிஸ்டன்ட் 1906ல் பிரிட்டிஷ் இந்தியாவின் உயிரினங்கள் வரிசையில் எழுதிய தொகுதிதான் இதற்குப் பாட்டன். நீளம், நிறம், இறக்கையின் புள்ளிகள் என்று எல்லாம் ஊசியில் குத்திக் காய்ந்த பூச்சியை வைத்து எழுதியது. நான் தேடியதோ மரத்தில் உட்கார்ந்து காதைத் துளைக்கிற பூச்சியை. 2016ல் வந்த சில்வண்டுப் பட்டியல் இந்தியா, வங்கதேசம், பூட்டான், மியான்மர், நேபாளம், இலங்கைக்குச் சேர்த்து 281 வகைகளைச் சொல்கிறது. இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் மட்டும் 189.

களத்தில் இனத்தை அடையாளம் காண்பது எவ்வளவு கஷ்டம் என்று முயன்றவர்களுக்குத் தெரியும். இரவில் சுவர் ஓரத்தில் கத்துவது சுவர்க்கோழி. இறக்கையோடு இறக்கையை உரசுகிறது. சில்வண்டு வேறு. ஆணின் வயிறு தொடங்கும் இடத்தில் இரண்டு புறமும் மடிப்பு மடிப்பான சவ்வு உண்டு. தசை இழுத்து விடும்போது, டப்பா மூடியை அமுக்கி விட்டால் கேட்கிற 'டக்'கைப் போல ஒரு ஒலி வரும். அது நொடிக்கு நூற்றுக்கணக்கில் அடித்து, வெற்றுக் குடமான வயிற்றில் பெருகி வெளியே வருகிறது. பெண் கத்துவதில்லை. சத்தம் வருகிற புளியமரத்தடிக்குப் போய் நின்றால் நாலு பக்கமும் கேட்கும். இன்னும் ஓரடி வைத்தால் நின்றுவிடும். பட்டை நிறத்தில் பூச்சி, பூச்சி நிறத்தில் பட்டை. கடைசியில் தாழ்ந்த கிளை ஒன்றில் கிடைத்தது: அகன்ற தோள், பச்சை கலந்த உடல், புள்ளியும் திட்டுமான முன்னிறக்கை. பிளாட்டிப்ளூரா என்ற பேரினம். தென்னிந்தியாவில் பரவலான கூட்டம். எங்கும் இருப்பதன் பெயரை வைத்துக்கொண்டு இங்கே எப்போது வந்தது என்று எப்படிச் சொல்வது? பெயர் தேடிய வழி அங்கேயே முட்டி நின்றது.

ஸ்கந்தாசிரமம் போகிற கற்பாதையில் சின்னச் சின்னச் சிலைகள் செதுக்கி விற்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களோடு ஒரு பெரியவர். சிறு வயதில் இந்தச் சரிவில் ஆடு மேய்த்தவர், பிறகு மரம் நடவும் கோடையில் தீத்தடுப்புப் பாதை வெட்டவும் கூலிக்குப் போனவர்.

"இன்னாம்மா, சில்வண்டா? அது கத்திக் கத்தி முதுகு வெடிச்சுச் செத்துப்பூடும்" என்றார். ஆதாரமும் எடுத்தார்: முதுகு பிளந்த ஒரு காய்ந்த ஓடு, கால்களால் பட்டையை இறுகப் பிடித்தபடி.

இருட்டின பிறகு மலைப்பாதையில் அனுமதி இல்லை. அத்தை வீட்டு வாசல் வேம்பிலேயே ராத்திரி டார்ச்சோடு நின்றேன். மண் அப்பிய குஞ்சு ஒன்று அடிமரத்தில் ஏறி நின்றது. முதுகு கோடாகப் பிளந்தது. வெளிறிய பச்சையில் ஒரு உடல் பின்பக்கமாகச் சாய்ந்து தொங்கி, பிறகு நிமிர்ந்து ஓட்டைப் பிடித்துக்கொண்டது. கசங்கிய இறக்கைகள் விரிந்தன. இதெல்லாம் நடக்கும்போது அது ஒரு சத்தமும் போடவில்லை; கத்துவது பிறகுதான். மறுநாள் பெரியவரிடம் வீடியோவைக் காட்டினேன். நிதானமாகப் பார்த்தார். "ஒண்ணு செத்துது, அதுக்குள்ள இருந்து இன்னொண்ணு பொறந்துது. நான் சொன்னதுதான" என்றார். மறுபடி விளக்கினேன். மறுபடி அதையே சொன்னார்.

அவரை மாற்ற நினைத்த நேரத்தில்தான் அவர் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "ஆடு மேச்ச காலத்துல இந்த ஓட்டை இந்தப் பக்கம் பாத்ததே இல்ல. குகைங்க பக்கம், மாமரத்துல பாத்துக்கிறேன். இப்ப நாங்க நட்ட எடத்துலகூடக் கெடக்குது."

ஓடு! பறக்கிற பூச்சி எங்கிருந்தும் வந்து உட்காரலாம். ஓடு அப்படி இல்லை. பெண் கிளையைக் கீறி முட்டை வைக்கும். பொரிந்த குஞ்சு கீழே விழுந்து மண்ணைத் துளைத்து, வேர்ச் சாற்றை உறிஞ்சியபடி வருடக்கணக்கில் அடியிலேயே கிடக்கும். அதன் ஓடு ஒரு மரத்தில் இருக்கிறதென்றால் அது வளர்ந்தது அங்கேதான். ஒவ்வொரு வருடமும் ஒரு தலைமுறை தயாராவதால்தான் சத்தம் ஆண்டுதோறும் கேட்கிறது.

அதன் பிறகு நான் பூச்சியைத் தேடவே இல்லை, ஓட்டைத்தான் தேடினேன். விருபாக்ஷ குகையில் 1899 முதல் 1916 வரை இருந்த ரமணர், கோடையில் தண்ணீர் வற்றும்போது மாமரத்துக் குகைக்கு மாறிவிடுவார். ஆக அந்த வட்டாரத்தில் அப்போதே மரமும் நிழலும் உண்டு. ஸ்கந்தாசிரமத்துச் சுனையடியில் மரங்கள் உண்டு. ஆசிரம முற்றத்துப் பழைய இலுப்பை உண்டு. மீதிச் சரிவில் அத்தை சொன்ன புல்லும் பாறையும். கோடைக்குக் கோடை தீ. தீ வந்தால் கிளையோடு முட்டையும் போயிற்று. எண்பதுகளின் இறுதியில் மறுவனமாக்கம் தொடங்கியது. பின்னால் 'தி ஃபாரஸ்ட் வே' போன்ற அமைப்புகளும் வனத்துறையும் நட்ட மரங்கள், வெட்டிய தீத்தடுப்புப் பாதைகள் எல்லாம் சேர்ந்து கிளையைக் காப்பாற்றின. பாதையோரம் நடப்பட்ட இளம் மரங்களில் இப்போது ஓடுகள் தொங்குகின்றன. பெரியவர் சொன்ன இடத்திலேயே.

ஆக அத்தை பொய் சொல்லவில்லை. இந்த மலையில் சத்தம் பழையது. ஆனால் குகையடி மரங்களில் ஒடுங்கிக் கிடந்தது. சரிவு முழுக்கப் பரவியது நட்ட மரங்களோடுதான். அந்த மரங்களின் வயதுதான் அந்தப் பரவலுக்கு. என் விடுமுறைகள் வந்தது அந்தக் காலத்தில்.

கிரிவலம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மரத்தடியில் ஓட்டைப் பார்த்தால் பிய்க்காதீர்கள். என்ன மரம், என்ன தேதி என்று குறித்து ஒரு படம் எடுத்து வையுங்கள். வீட்டு வாசல் மரத்தைச் சுற்றி சிமெண்ட் பூசுகிறவர்கள், அடிமரத்தைச் சுற்றி இரண்டடி மண்ணையாவது திறந்து விடுங்கள். குஞ்சு வெளியே வர அது போதும்.