அக்கரை வலை

இறால் பொறுக்கும் பெண்களுக்குக் கைவேகம்தான் கூலி. ராமேஸ்வரம் ஜெட்டியில் விடியற்காலையில் விசைப்படகின் இழுவைமடியை அவிழ்த்துக் கொட்டினால், குவியலில் பெரும்பகுதி சங்காயமாகவே இருக்கும். விரல் நீளம்கூட இல்லாத காரல், நண்டுக்குஞ்சு, கடல்புல், ஓட்டுச்சங்கு, பெயர் தெரியாத பொடிமீன்கள். அதற்குள்ளிருந்து இறாலைத் தனியே, கணவாயைத் தனியே எடுத்துக் கூடையில் போட வேண்டும். மிச்சம் உலர்த்தி கோழித்தீவனத்துக்குப் போகும். அம்மா அந்த வேலைக்குப் போன காலத்தில் பள்ளி லீவு நாட்களில் நானும் கூடப் போவேன். சில நாள் அந்தக் குவியலோடு ஒரு பச்சை வலையும் வந்து விழும். கிழிந்து, முறுக்கிக்கொண்டு, ஈயமும் மிதவையும் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். மிதவைகளைப் பிள்ளைகள் நாங்கள் அறுத்துக்கொள்வோம். "அக்கரை வலை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பெண்கள் மறுபடி இறாலுக்குத் திரும்பிவிடுவார்கள்.

பாம்பன் மாமா ஒருவர்தான் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பார். அம்மாவின் தம்பி, நாட்டுப்படகுக்காரர். மிதவையைக் கயிற்றில் கட்டியிருக்கும் விதத்தை வைத்தே இது இலங்கையின் பேசாலைப் பக்கத்துக் கட்டு, இது யாழ்ப்பாணத்துக் கட்டு என்பார். வலைக்கண்ணில் விரலை விட்டு அளந்து, இது நண்டுக்குப் போட்டது, இது பாறை மீனுக்குப் போட்டது என்று சொல்வார். "கடன் வாங்கித்தான் இதக் கட்டியிருப்பான்" என்று ஒருமுறை சொன்னது நினைவிருக்கிறது. யார் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் இரண்டு தொழிலும் இருந்தன. பெரியப்பா விசைப்படகில் டிரைவர். படகு அவருடையதல்ல, முதலாளி வேறு. மாமாவுக்குச் சொந்தமாக ஒரு வத்தை. இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆனால் ஒரே நாளில் கடலுக்குப் போக மாட்டார்கள். திங்கள், புதன், சனி விசைப்படகு; மற்ற நாலு நாளும் நாட்டுப்படகு. சனிக்கிழமை போன படகு ஞாயிறு விடியலில் கரை சேரும் என்பதால் அம்மாவுக்கு முதல் பூசை எப்போதும் கிடைத்ததில்லை. இரண்டாம் பூசைக்கு ஈரச்சேலையோடு வந்து கடைசி வரிசையில் நிற்பார்.

இந்தக் கிழமைக் கணக்கு தானாக வந்ததில்லை. வலை விட்டுவிட்டுப் படகில் காத்திருந்தவர்களின் வலைகளை மடி இழுத்துக்கொண்டு போனதும், கரையில் கைகலப்பு நடந்ததும், படகுகள் எரிந்ததும் தமிழ்நாட்டுக் கடற்கரை முழுவதும் எழுபதுகளின் கதை. அதன் விளைவாகத்தான் 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் வரை நாட்டுப்படகுக்கு, அதற்கு அப்பால்தான் விசைப்படகு என்று ஆனது. எங்கள் பக்கம் அதோடு கிழமையும் பிரிக்கப்பட்டது. மடியும் வலையும் ஒரே தண்ணீரில் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்பதை இங்கே எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மாவட்ட நிர்வாகம் ஒப்புக்கொண்டது, சங்கங்கள் ஒப்புக்கொண்டன. பெரியப்பாவும் ஒப்புக்கொண்டவர்தான். மாமாவின் வலை இருக்கும் நாளில் படகு எடுப்பது தப்பு என்று எங்களிடமே சொல்லியிருக்கிறார்.

பெரியப்பாவின் இளமைக்காலம் இறாலின் காலம். ஐம்பதுகளில் நார்வே நாட்டு உதவியோடு கேரளத்தில் தொடங்கிய இயந்திரப்படகுத் திட்டமும், அதன்பின் வந்த ஏற்றுமதிச் சந்தையும் எங்கள் தீவு வரைக்கும் வந்து சேர்ந்தன. இழுவைமடிக்குப் பாக் விரிகுடா வாகான கடல். பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீட்டரைத் தாண்டாது. தரை சேறும் மணலும் கடல்புல்லும். இரண்டு பக்கமும் கனத்த பலகைகள் மடியின் வாயை விரித்துப் பிடிக்க, அடியில் சங்கிலி தரையைச் சீய்த்துக்கொண்டே போகும். சேற்றில் புதைந்த இறால் துள்ளி மேலே வந்து மடிக்குள் விழும். இறாலோடு அந்தத் தரையும் போகிறது என்பது அப்போது யார் கண்ணுக்கும் படவில்லை. அந்த வருமானத்தில்தான் எங்கள் தெருவில் ஓலை வீடுகள் ஓட்டு வீடாயின. அத்தைக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்ததும் அந்தப் பணத்தில்தான்.

அத்தையை மன்னாருக்குக் கொடுத்தார்கள், பேசாலைக்கு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் சுமார் 30 கிலோமீட்டர் கடல். 1964 புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. மதுரைக்குப் பெண் கொடுப்பதைவிட அக்கரைக்குக் கொடுப்பது பக்கம் என்று தாத்தா நினைத்திருக்க வேண்டும். 1974இலும் 1976இலும் டெல்லியும் கொழும்பும் கடலில் கோடு போட்டன. முதல் ஒப்பந்தத்தில் கச்சத்தீவு இலங்கைக்குப் போனது. இரண்டாவது, கோட்டைத் தாண்டி மீன்பிடிக்கக் கூடாது என்றது. கல்யாணச் சாப்பாட்டுப் பேச்சில் அந்தக் கோடு வந்ததாக வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

பிறகு 1983இல் இலங்கையில் போர். அதற்குப் பின்னால் 1990. அந்த வருடம் மன்னாரிலிருந்து அகதிகளாக வந்தவர்களில் அத்தையும் பிள்ளைகளும் இருந்தார்கள். மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டு, மண்டபம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அத்தை மகன் பன்னிரண்டு வயதுப் பையனாக வந்தவர், முகாமிலேயே வளர்ந்து, பெரியப்பாவின் படகிலேயே கூலிக்கு ஏறினார். விஞ்சு சுற்றுவதிலிருந்து மடி தைப்பதுவரை எல்லாம் அந்தப் படகில் கற்றுக்கொண்டவர். அக்கரையில் அப்போது கடலே பூட்டிக் கிடந்தது. பாதுகாப்பு வலயம், மோட்டார் தடை, இரவுத் தடை என்று வடக்கு மீனவர்கள் கரையேறிவிட்டார்கள். மீன் பெருத்தது, பிடிக்க ஆளில்லை. எங்கள் படகுகள் கோட்டைத் தாண்டின. சுடப்பட்டு இறந்தவர்களின் வீடுகள் எங்கள் ஊரிலும் இருக்கின்றன. அந்த வீடுகளைத் தெரிந்த யாரும் மீனவன் பேராசைக்காகப் போனான் என்று ஒற்றை வரியில் எழுத மாட்டார்கள். டீசல் கடன், முதலாளி முன்பணம், இக்கரையில் வழித்துத் துடைத்த தரை: எல்லாம் சேர்ந்துதான் அவர்களை அங்கே கொண்டுபோனது.

பச்சை வலைகள் ஏன் நான் பார்த்த காலத்தில் வரத் தொடங்கின என்பது மிகவும் பின்னால்தான் விளங்கியது. 2002இல் போர்நிறுத்தம் வந்தது. அக்கரைக்காரர்கள் மறுபடி வலை விடத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய வருடங்களில் எங்கள் மடியில் வலை ஏறாததற்குக் காரணம், கடலில் வலையே இல்லாததுதான். அதே வருடம் அத்தை மகனும் முகாமை விட்டுப் பேசாலைக்குத் திரும்பினார். அங்கே போய்க் கடனில் ஒரு ஃபைபர் படகும் வலையும் வாங்கினார் என்று அத்தை சொன்னார். ஜெட்டியில் மாமா விரலால் அளந்து பார்த்த வலைகளில் ஒன்று அவருடையதாகவும் இருந்திருக்கலாம்.

போர் முடிந்த மறுவருடம், 2010 ஆகஸ்டில் வடக்கு மீனவர் பிரதிநிதிகள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். அமைச்சர்கள் இல்லாமல், மீனவரும் மீனவரும் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு வருடத்துக்குள் இழுவைமடியை நிறுத்துவது, அதுவரை கணக்கு வைத்துச் சில நாட்கள் மட்டும் அங்கே போவது என்று பேச்சானது. எங்கள் வீட்டில் அன்று இருந்த நம்பிக்கை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாமா பெரியப்பாவிடம், "இது நடந்தா நம்ம சண்டையும் தீந்துரும் மச்சான்" என்றார். அரசுகள் அந்தப் பேச்சுக்குப் பின்னால் வந்து நிற்கவில்லை. மாற்றுத் தொழிலுக்குப் பணமும் வரவில்லை. ஒரு வருடம் போனது, மடி நிற்கவில்லை.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா மறுபடி நடக்கத் தொடங்கிய காலத்தில் பெரியப்பாவோடு நானும் போனேன். நிழலுக்குத் தார்ப்பாய் கட்டிய இடத்தில் அத்தை மகன் எங்களைக் கண்டுபிடித்து வந்தார். கையில் பை நிறைய ராணி சந்தன சோப்பு. அது எங்கள் தீவில் இன்னும் மதிப்புள்ள பொருள். சாப்பாடு, பிள்ளைகள், அத்தையின் முட்டிவலி என்று பேச்சு போய், அவரே ஆரம்பித்தார்.

"மாமா, திங்கள், புதன், சனி எங்கட ஊரில ஒருத்தரும் வலை போடுறேல்ல. கரையில நிண்டாலே உங்கட போட்டுகளின்ர லைட் தெரியும். எண்ணிக்கொண்டு இருப்பம்."

"மத்த நாள்ல போடுங்கப்பா. மத்த நாள்ல நாங்க வர்றதில்லல்ல?"

"மற்ற நாளில காத்தும் பார்க்கோணும், கோயிலும் பார்க்கோணும். கிழமைக்கு மூண்டு நாளை நீங்கள் எடுத்திட்டியள். நானும் உங்கட போட்டில நிண்டவன்தானே. வலை மாட்டினா ஆரும் கம்பியை அறுக்கிறேல்ல, வலையைத்தான் அறுக்கிறது."

பெரியப்பா விடவில்லை. கரையிலிருந்து 3 மைல் நாட்டுப்படகுக்கு விட்டாயிற்று, கோடு 15 மைலுக்குள் வந்துவிடுகிறது, இடையில் பாறை போக மடி இழுக்க எங்கே தண்ணீர் இருக்கிறது, நீயே சொல் என்று கேட்டார். இத்தனை படகும் அந்தத் துண்டுக்குள் எப்படித் தொழில் செய்யும் என்றார். அத்தை மகன் அதை மறுக்கவில்லை. "அப்ப அந்தப் போட்டுகளுக்கு இந்தக் கடல் காணாது மாமா, அதைத்தானே நானும் சொல்றன்" என்றார்.

அன்று எனக்குத் தெரிந்த விஷயம் இன்றுவரை நெஞ்சை உறுத்துகிறது. எங்கள் வீட்டுப் பந்தியில் மாமாவுக்காக ஏற்பட்ட நியாயம், கடலைக் கடந்ததும் அத்தை மகனுக்கு ஊரடங்காகிவிட்டது. ராமநாதபுரத்தில் வகுத்த கிழமைக் கணக்கைப் பேசாலையும் நெடுந்தீவும் அனுசரிக்கின்றன. அவர்களிடம் யாரும் கேட்டதில்லை, அவர்களுக்காக 3 மைல் ஒதுக்கியதுமில்லை. மாமாவின் வலைக்கு நாம் கொடுத்த மூன்று மைலையும் நாலு நாளையும் அவர்கள் வலைக்கும் கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி. பாரம்பரிய உரிமை என்று நாம் பேசும்போது, பாரம்பரியமாக அந்தக் கடலில் இருந்தது பாய்மரமும் தூண்டிலும் வலையும்தான். இழுவைமடிக்கு வயது எங்கள் பெரியப்பாவின் வயதுகூட இல்லை.

கச்சத்தீவை மீட்டால் தீர்ந்துவிடும் என்று தேர்தலுக்குத் தேர்தல் கேட்கிறோம். நம்புதாளை சீனிக்குப்பன் படையாட்சி அந்தத் தீவில் கோயில் கட்டினார் என்று சொல்லி வளர்ந்தவள் நான். அந்த மண் மீது எனக்கும் பாசம் உண்டு. 285 ஏக்கர் தீவு நாளைக்கே நம் கைக்கு வந்தாலும் வலை கிழிவது தீவில் இல்லை. அதைத் தாண்டி, அவர்கள் கரையில் நின்றால் விளக்கு தெரியும் தூரத்தில். மேடையில் இதைச் சொல்லாதவர்கள் மீனவனுக்காகப் பேசவில்லை என்றே நினைக்கிறேன்.

இலங்கை 2017இல் இழுவைமடியையே சட்டம் போட்டுத் தடை செய்தது. அதற்கான மசோதாவைக் கொண்டுவந்தவர் யாழ்ப்பாணத் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் சுமந்திரன். 2018இல் அந்நியப் படகுகளுக்கான அபராதம் பல மடங்கானது. இங்கே அதே 2017இல் ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் வந்தது. இழுவைப்படகைக் கொடுத்துவிட்டு 80 லட்ச ரூபாயில் சூரை பிடிக்கும் படகு. மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20, பயனாளி 10. மூன்று வருடத்தில் 2,000 படகுகள் என்றார்கள். அந்த எண்ணிக்கையின் பக்கத்தில்கூடப் போகவில்லை. சூரைக்குப் போவதென்றால் வாரக்கணக்கில் கடலில் இருக்க வேண்டும், பாக் விரிகுடாவை விட்டே போக வேண்டும். ஒரே இரவில் போய்த் திரும்பிப் பழகியவர்களுக்கு அது வேறு தொழில். சொல்லிக்கொடுக்காமல், முதல் சில வருட நட்டத்தைத் தாங்காமல், மானியத்தை மட்டும் காட்டினால் எப்படி மாறுவார்கள்?

பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், அந்தப் பழைய முதலாளியின் புதிய படகில் போய் மன்னாருக்கு அருகே பிடிபட்டார். வவுனியா சிறையில் வைத்தார்கள். வீட்டில் பெரியம்மா சோறு இறங்காமல் கிடந்தபோது, போன் வந்தது பேசாலையிலிருந்து. அத்தை மகன் போய்ப் பார்த்திருக்கிறார். சோப்பு, துண்டு, பிஸ்கட், ஒரு போர்வை கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அந்த மாதம்தான் அவருடைய நண்டுவலையில் பாதி போயிருந்தது என்று அத்தை பிறகு சொன்னார். அண்ணனிடம் அதை அவர் சொல்லவே இல்லை.

அண்ணன் திரும்பி வந்தார், படகு வரவில்லை. முதலாளிக்கு வேறு படகு இருக்கிறது. அண்ணனுக்கு இருப்பது முன்பணக் கடன். இனி மடிப்படகில் ஏறுவதில்லை என்கிறார். மாமாவின் மகனோடு சேர்ந்து நாட்டுப்படகில் நண்டுவலை போட ஆசை. விசாரிக்கப் போனால், ஆழ்கடல் திட்டம் இழுவைப்படகு வைத்திருப்பவருக்கு. ஒப்படைக்க அண்ணனிடம் படகு கிடையாது. அந்தப் படகுகளில் ஏறிப் போய்ப் பிடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் அண்ணனைப் போலக் கூலிக்காரர்கள்தான். மாற்றுத் தொழில் என்ற பேச்சு அவர்களிடமிருந்து தொடங்கினால், திங்கட்கிழமை இரவு அக்கரையில் தெரியும் விளக்குகள் குறையும். முதலாளி படகு எடுக்க விரும்பினாலும் ஏற ஆள் வேண்டுமே. இப்போதைக்கு மாமா தன் பழைய வலையில் பாதியைக் கொடுத்திருக்கிறார். ஃபைபர் படகுக்கு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஜாமீன் கையெழுத்து நான் போட்டிருக்கிறேன்.