நான் காயவைத்த சதுப்பு

1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றதை வைத்து ஒரு பலகைப் போர் விளையாட்டை வடிவமைத்தேன். அதில் நிலத்தையும் மழையையும் பொய்யாக வரைந்தேன். முதலில் தெரியாமல் செய்தேன். தெரிந்த பிறகும் மாற்றாமல் விட்டேன். ஒப்புக்கொள்ள வேண்டியது இந்த இரண்டாவதைத்தான்.

இவ்வகை விளையாட்டில் வரைபடம் அறுகோணக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். எந்தக் கட்டத்தில் மணல், எதில் சேறு, எங்கே மதில் என்று வடிவமைப்பவர் முடிவு செய்கிறார். எந்தச் சுற்றில் மழை வரலாம் என்பதும் அவர் கையில்தான். ஆடுபவர்கள் அதை நம்பித்தான் பகடையை உருட்டுகிறார்கள். புதுச்சேரி விஷயத்தில் நேரில் போய்ப் பார்த்தும் பயனில்லை. 1761-இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையையும் மதிலையும் தரைமட்டமாக்கிவிட்டார்கள். ஏட்டில் இருப்பதுதான் நிலம்.

நான் எடுத்துக்கொண்ட ஏடு ஆங்கிலேயரான ராபர்ட் ஓர்ம் எழுதிய போர் வரலாறு. ஊருக்கு வெளியே கற்றாழையும் முட்செடிகளும் தென்னையும் பனையும் அடர்ந்து நின்ற எல்லை வேலியை அதிலிருந்துதான் வரைந்தேன். வடக்கே கடற்கரையில் தொடங்கி ஐந்து மைலுக்கு மேல் வளைந்து, தெற்கே அரியாங்குப்பத்து ஆற்றைத் தொடும் வேலி அது. அந்த வேலைப்பாட்டில் இன்றும் எனக்குக் குறை தெரியவில்லை. குறை வேலிக்கு உள்ளே, வடமேற்கில்.

ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவென் அந்தப் பக்கம்தான் பதுங்குகுழி தோண்டத் தொடங்கினார், மதிலிலிருந்து 1,500 கெஜம் தள்ளி. 800 கெஜம் வரை நெருங்கியபோது எதிரே சதுப்பு. பிரெஞ்சுக்காரர்கள் தேக்கிவைத்த தண்ணீரையும் அதில் திறந்துவிட்டார்கள். ஓர்ம் இதை மறைக்கவில்லை. தோற்ற தளபதிக்கு அவர் தேடித் தந்த சாக்கு என்று நானாக எடுத்துக்கொண்டேன். இன்றைய செயற்கைக்கோள் படத்தில் அங்கே வீடும் தெருவும்தான் இருக்கின்றன. திறந்த நிலம் என்று மஞ்சள் அடித்தேன். ஒரு வரி விதியும் இல்லாமல் அந்தச் சதுப்பு காய்ந்துபோயிற்று.

மழையில் செய்தது இதைவிட மோசம். பழைய நூல்களில் செப்டம்பர் 30 அன்று போர்க்குழு கூடி முற்றுகையைக் கைவிட முடிவு செய்ததாக இருக்கிறது. அக்டோபர் 6 அன்று பாளையத்தைக் கலைத்தார்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தில்தான் பிடிக்கும். ஆகவே பாஸ்கவென் இரண்டு வாரக் காய்ந்த நாட்களை வீணடித்து ஓடியவர் என்று தீர்மானித்து, அந்த இரண்டு வாரத்தையும் ஆங்கிலத் தரப்பில் ஆடுபவருக்குக் கூடுதல் சுற்றுகளாகக் கொடுத்தேன்.

ஆனால் அந்தத் தேதிகள் ஆங்கிலேயர் போட்டவை. அவர்கள் அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தார்கள். 1752-இல்தான் மாறினார்கள், அந்த ஆண்டு அவர்களுக்கு செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. 1748-இல் இரண்டு கணக்குகளுக்கும் 11 நாள் வித்தியாசம். பாளையம் கலைந்தது நம் கணக்கில் அக்டோபர் 17. புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்துவிட்டது. ஐப்பசியில் அந்தக் கடலோரத்தில் கப்பலை நங்கூரமிட்டு நிறுத்துவது அன்று பெரும் ஆபத்து. பாஸ்கவென் கிளம்பியது கோழைத்தனமல்ல. முன்பே ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களை இழந்திருந்த படையில் மிச்சமிருந்தவர்களை அவர் காப்பாற்றிக்கொண்டார்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு அறிவாற்றல் எதுவும் தேவைப்பட்டிருக்காது. முற்றுகை நடந்தபோது ஊருக்குள்ளேயே இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷ் (மொழிபெயர்ப்பாளரும் தரகரும்), நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். பிரெஞ்சுக்காரர் தேதியோடு விபவ வருஷத்து மாதமும் நாளும் போட்டு, தமிழில். அது என் அலமாரியிலேயே இருந்தது. போர் என்றால் ஓர்ம், ஊர் வம்புக்கும் விருந்துக்கும் பிள்ளை என்று எனக்குள் ஒரு பங்கீடு இருந்திருக்கிறது. சொந்த மொழியில், மதிலுக்கு உள்ளேயிருந்து எழுதியவரைச் சாட்சியாகவே நான் மதிக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு வெள்ளைக்காரன் ஒருவன் அப்படி நினைத்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

வரைபடம் அச்சாகி வந்த பிறகுதான் பிள்ளையைப் புரட்டினேன். மாதப் பெயர்களைப் பார்த்தவுடனே விளங்கிவிட்டது. இருந்தும் மறுபடி அச்சடிக்கும் செலவை நினைத்துப் பேசாமல் இருந்தேன்.

பிரெஞ்சுத் தரப்பில் ஆடிய இளம் நண்பர் ஒருவர், கடலூர்க்காரர், கட்டங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணே, ஐப்பசி வந்துடுச்சே, இன்னும் மழை இல்லையா? இந்தப் பக்கமெல்லாம் தண்ணி நிக்குமே?"

"ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்ல தம்பி, அதுக்காக விட்டது" என்றேன்.

பொய். சமநிலையை நான் யோசித்ததே இல்லை. அன்று ஆங்கிலத் தரப்பு வென்றது. தான் ஏதோ தவறாக ஆடிவிட்டதாக அவர் வருத்தப்பட்டார். அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னால் மறக்க முடியாதது அந்த நேரம்தான்.

பிறகு அவரிடம் உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ணே" என்றார். அது சரிதான்.

இப்போது புதிதாக வரைகிறேன், இந்த முறை பிள்ளையை முதலில் வைத்துக்கொண்டு. பாஸ்கவெனின் ஆட்கள் அரியாங்குப்பத்துக் கோட்டையை அற்பமென்று நினைத்து ஏணிகூட இல்லாமல் போய் அடிபட்டதும், அதில் நாட்கள் கரைந்ததும் இப்போதுதான் எனக்கு உறைக்கின்றன. அந்த நாட்கள்தான் ஐப்பசியில் அவர்கள் காலை வாரின. அவர்களுக்கும் நிலம் தெரியவில்லை. ஆனால் அவர்கள் அந்நியர்கள், கையில் நாட்குறிப்பும் கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய வரைபடத்தில் வேதபுரீசுவரர் கோயிலை உறுதியான கட்டடம் என்று குறித்துக் கடைசிச் சுற்றுவரை நிற்கவைத்திருந்தேன். அந்தக் கோயில் முற்றுகை நடுவிலேயே, செப்டம்பரில், இடிக்கப்பட்டுவிட்டது. இடித்தது எதிரியின் பீரங்கியல்ல, டூப்ளேயின் ஆட்சி. பக்கத்தில் பாதிரிமார் கோயில். இதை இடிக்கும்படி அந்தப் பாதிரிமார் நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்ததை முற்றுகைச் சந்தடியில் முடித்துக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் முறையிட்டும் பயனில்லை. பிள்ளை அதை விரிவாக எழுதியிருக்கிறார். வெளியே இருந்த சதுப்பு மட்டுமல்ல, மதிலுக்கு உள்ளே நடந்ததும் என் விளையாட்டில் இல்லாமல் போயிருந்தது.

புதிய விதிப்படி, செப்டம்பர்ச் சுற்றில் பிரெஞ்சுத் தரப்பில் ஆடுபவரே கோயில் கட்டையை எடுத்துப் பலகைக்கு வெளியே வைக்க வேண்டும். அதற்கு ஈடாக அவருக்குப் புள்ளி எதுவும் கிடையாது. கடலூர் நண்பர் அந்த விதியைப் படித்துவிட்டு, ஊர்க்காரர்களுக்கும் ஒரு கட்டை வேண்டும் என்கிறார். எப்படிச் சேர்ப்பது என்று இருவரும் பேசிக்கொண்டிருக்கிறோம்.