ஆபீஸ் போனும் அடுப்படிப் போனும்

"அக்கா, நீங்க வச்சிருக்கிற மாதிரியே எனக்கும் ஒரு போன் வாங்கணும். என்ன விலைக்கா?"

எதிர்வீட்டுப் பெண் கேட்டுக்கொண்டே வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை.

"எதுக்கு வாங்கப் போறே?" என்றேன்.

"எதுக்குன்னா? பேசத்தான். பாப்பாவைப் போட்டோ எடுக்கணும். அப்புறம் நானும் உங்களை மாதிரி வீட்டிலேயே ஏதாவது வியாபாரம் பண்ணலாம்னு இருக்கேன். இட்லிப் பொடி, பருப்புப் பொடின்னு..."

"உங்க வீட்டுக்காரருக்கு ஆபீஸ்ல போன் குடுத்திருக்காங்கல்ல?"

"ஆமாக்கா. ரொம்ப நல்ல போன். பாப்பா படமெல்லாம் அதிலதான் எடுக்கிறோம்."

எனக்குச் சொரேர் என்றது. கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

என் கணவர் 2019-ல் ஒரு கம்பெனியில் விற்பனைப் பிரிவில் சேர்ந்தார். சேர்ந்த வாரமே ஆபீஸிலிருந்து ஒரு போன் கொடுத்தார்கள். என்னிடம் இருந்ததோ, நாலு படம் எடுத்தாலே 'இடம் இல்லை' என்று அழும் சின்னப் போன். 2020 ஆகஸ்டில் மகள் பிறந்தாள். ஊரடங்கு நேரம், பெயர் வைக்கக்கூடச் சொந்தபந்தம் வர முடியவில்லை. அதனால் எல்லாவற்றையும் படமாகவும் வீடியோவாகவும் எடுத்துத் தள்ளினோம், இவருடைய ஆபீஸ் போனில். அதில்தானே கேமரா நன்றாக இருந்தது!

அதில் ஒரு வீடியோ. என் மாமனார் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு, பேத்தியை மார்பில் போட்டு, தன் பாட்டுக்கு ஏதோ தாலாட்டுப் பாடுகிறார். நாலு நிமிஷம். பாட்டு ஒன்றும் ராகத்தில் இருக்காது. நடுவில் இருமுவார், மறுபடி பாடுவார். "என்னடா எடுக்கிறே, போடா" என்று மகனை அதட்டுவார். 2021 மே மாதம் மாமா காலமாகிவிட்டார்.

2022 மார்ச்சில் இவர் வேறு வேலைக்கு மாறினார். "போனைத் திருப்பிக் கொடுக்கணும். ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து படத்தையெல்லாம் எடுத்து வச்சுடறேன்" என்றார். வெள்ளிக்கிழமை ராஜினாமாக் கடிதம் ஏற்கப்பட்டது. சனிக்கிழமை காலை காபி டம்ளரை வைத்துவிட்டுப் போனை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். கடையிலிருந்து அன்றைக்குத்தான் வாங்கி வந்த புதுப் போன் மாதிரி, 'மொழியைத் தேர்ந்தெடுங்கள்' என்று கேட்டுக்கொண்டிருந்தது அது.

தலைமை அலுவலகத்தில் யாரோ ஒருவர் ஒரு பொத்தானை அமுக்கியிருக்கிறார். எங்கள் வீட்டு மேஜையில் இருந்த போன் துடைத்து வைத்த பலகை ஆகிவிட்டது.

நான் கத்தினேன். அழுதேன். "போலீசுக்குப் போங்க" என்றுகூடச் சொன்னேன். இவர் ஆபீஸுக்குப் போன் போட்டார். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். போன் அவர்களுடையது, அதில் வாடிக்கையாளர் விவரம், விலைப்பட்டியல் எல்லாம் இருக்கிறது, வேலையை விடுகிறவர் போனை உடனே அழிப்பது வழக்கம், சேரும்போது கையெழுத்துப் போட்ட காகிதத்திலேயே இருக்கிறது என்றார்கள். பெட்டியிலிருந்து அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்தோம். இருந்தது! மூன்றாம் பக்கத்தில். நாங்கள்தான் படிக்கவில்லை.

கூகுளில் பிரதி இருக்குமே என்பீர்கள். சொந்தக் கூகுள் கணக்கைச் சேர்க்க அந்தப் போன் விடவேயில்லை. நமக்கென்ன, ஆபீஸ் காரியம் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

மிஞ்சியது, திருப்பூரில் இருக்கும் என் கொழுந்தனுக்கு வாட்ஸ்அப்பில் அவ்வப்போது அனுப்பிய கொஞ்சம் படங்கள். வாட்ஸ்அப்பில் போகிற படம் சுருங்கித்தான் போகும். மாமா பேத்தியை வைத்திருக்கும் ஒரு படத்தை ஸ்டூடியோவில் கொடுத்து, சட்டம் போட்டு மாட்டலாம் என்றால், "பெருசு பண்ணினா முகம் தெரியாதும்மா" என்று அஞ்சலட்டை அளவில்தான் போட்டுக் கொடுத்தார். வீடியோ பெரிசு என்று அனுப்பவேயில்லை.

ஒரு காலத்தில் ஆபீஸ் போன், வீட்டுப் போன் என்கிற பிரிவினை பார்த்தவுடனே தெரியும். பெரிய உத்தியோகஸ்தர்கள் கையில் பிளாக்பெர்ரி. கனடா நாட்டுக் கம்பெனி. போனின் பாதி உடம்பில் பொடிப்பொடியாக எழுத்துப் பொத்தான்கள். அதில் ஈ-மெயில் அனுப்புவதே ஒரு கௌரவம். 2007-ல் ஆப்பிளின் ஐபோன் வந்தது, அடுத்த வருடமே ஆண்ட்ராய்டு போன் வந்தது. விரலால் தடவுகிற கண்ணாடிப் பலகை எல்லார் கைக்கும் போய்விட்டது. பழைய பிளாக்பெர்ரி போன்களுக்கான சேவையை 2022 ஜனவரி 4-ந் தேதியோடு அந்தக் கம்பெனியே நிறுத்திவிட்டது. இப்போது ஆபீஸில் கொடுப்பதும் கடையில் நாம் வாங்குவதும் பார்ப்பதற்கு ஒரே போன்தான். சாவி யார் கையில் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

சரி, அது இவர் கதை. நான் வியாபாரத்துக்குப் போன் வாங்கி முழித்த கதையையும் கேளுங்கள்.

வேலை மாறின சமயம் கையில் இரண்டு மாதம் இழுபறி. நமக்குத்தான் மதுரையில் சுங்குடிச் சேலை இருக்கிறதே, வாங்கி வெளியூருக்கு அனுப்பினால் என்ன என்று தோன்றியது. அதற்கு ஒரு போன் வேண்டும். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். கடைப் பையன் என் முகத்தையே படம் எடுத்துக் காட்டினான். பத்து வயசு குறைந்திருந்தது! கன்னத்து மங்கு காணோம். அந்த மயக்கத்திலேயே வாங்கிவிட்டேன்.

அந்தப் போனில் எதை எடுத்தாலும் பளபளவென்று இருக்கும். திரையும் அப்படித்தான்; நிறத்தைத் தூக்கிக் காட்டும். நம் வீட்டு விசேஷப் படத்துக்கு அது அழகு. வியாபாரத்துக்கு? கோயம்புத்தூரில் ஓர் அம்மாள் மகள் வளைகாப்புக்கு என்று அரக்குச் சேலை கேட்டிருந்தார். நான் அனுப்பிய படம் அவருக்குக் குங்குமச் சிவப்பாகத் தெரிந்திருக்கிறது. அதைப் பார்த்து ரவிக்கைத் துணியும் எடுத்துவிட்டார். சேலை போய்ச் சேர்ந்ததும், "நிறம் மாத்தி அனுப்பிட்டீங்களே! பொண்ணு அழுவுறா" என்று ஒரே சண்டை. போக வரக் கூரியர் செலவு என் தலையில். நஷ்டம்கூடப் பரவாயில்லை, ஏமாற்றினேன் என்று ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பிறகுதான் கற்றுக்கொண்டேன். முக அழகு கூட்டுகிற வசதியை அணைத்துவிட வேண்டும். செட்டிங்ஸில் திரையின் நிறத்துக்கு 'விவிட்', 'நேச்சுரல்' என்று இரண்டு வகை பல போன்களில் இருக்கும். நேச்சுரலில் வைக்க வேண்டும். ட்யூப்லைட் அடியில் எடுக்கக் கூடாது. காலை ஒன்பது மணிக்கு மொட்டை மாடிக் கதவோரம், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் எடுத்தால் அரக்கு அரக்காகவே இருக்கும். வாங்குகிறவர் திரையில் எப்படித் தெரியுமோ, அது நம் கையில் இல்லை. ஆகவே, 'காய்ந்த மிளகாய் நிறம்', 'கத்தரிக்காய்த் தோல் நிறம்' என்று ஒரு வரி எழுதியும் விடுகிறேன். இந்த ஒரு வரியால் வந்த சண்டை பாதியாகக் குறைந்தது.

அடுத்த தொல்லை நேரம். ராத்திரி பதினொன்றரைக்கு 'சிஸ், ரேட்?' என்று வரும். அதே போனில்தான் என் அம்மாவும் பேசுவாள், பள்ளிக்கூடத்திலிருந்தும் செய்தி வரும். சத்தத்தை அணைத்தால் அம்மா கூப்பிடுவது தெரியாது. அணைக்காவிட்டால் தூக்கம் போகும். இதற்கு நடுவே என் மகள் ஒரு நாள் போனை எடுத்து, மொத்தமாக ஆறு சேலை வாங்குகிற ஒருவருக்கு, "அம்மா குளிக்கிறாங்க, நீங்க அப்புறமா வாங்க" என்று குரல் செய்தி அனுப்பிவிட்டாள். (அவர் இன்றைக்கும் போன் போட்டால், "குளிச்சாச்சா?" என்றுதான் ஆரம்பிப்பார்.)

இதற்கு இரண்டாவது போன் வேண்டியதில்லை, இரண்டாவது சிம் போதும் என்று கொழுந்தன்தான் சொல்லிக் கொடுத்தார். இப்போது பெரும்பாலான போன்களில் இரண்டு சிம் போடலாம். கடை வைத்திருப்பவர்களுக்கென்று 2018-ல் வாட்ஸ்அப் பிசினஸ் என்று தனியாக ஒன்று வந்திருக்கிறது. காசு இல்லை. புது எண்ணில் அதையும், பழைய எண்ணில் சாதாரண வாட்ஸ்அப்பையும் ஒரே போனில் வைத்துக்கொள்ளலாம். சேலைப் படங்களை விலையோடு அடுக்கி வைக்கலாம். 'பணம் வந்தது', 'அனுப்ப வேண்டியது' என்று சீட்டு ஒட்டி வைக்கலாம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் யார் கேட்டாலும், 'காலையில் பதில் சொல்கிறேன்' என்று அதுவே சொல்லிவிடும். நான் பாட்டுக்குத் தூங்குகிறேன். வீட்டில் சண்டையும் குறைந்தது.

என் பளபளப்புப் போன் இரண்டே வருடத்தில் தள்ளாட ஆரம்பித்தது. அடுத்தது வாங்கப் போனபோது நான் கேமராவைப் பற்றிக் கேட்கவில்லை. "இதுக்கு எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட் குடுப்பாங்க தம்பி?" என்று கேட்டேன். பையன் முழித்தான், உள்ளே போய்க் கேட்டு வந்தான். ஆபீஸ்களில் போன் வாங்குகிறவர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்களாம். திருடன் நுழையும் ஓட்டையைக் கம்பெனி அவ்வப்போது அடைத்துக்கொண்டே வர வேண்டும். அதை நிறுத்திவிட்டால் போன் ஓடும், ஆனால் பூட்டு துருப்பிடித்த மாதிரிதான். கூகுளின் பிக்ஸல் 8-க்கு 2023-லும், சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24-க்கு 2024-லும் ஏழு வருடம் என்று அறிவித்தார்கள். அவையெல்லாம் நம் பட்ஜெட்டுக்கு எட்டாத விலை. மலிவான போன்களில் இரண்டு, மூன்று, நாலு என்று மாடலுக்கு மாடல் மாறும். எண்ணூறு ரூபாய் வித்தியாசத்தில் இரண்டு வருடம் அதிகம் கிடைத்தது, வாங்கினேன். பாட்டரி 5000 எம்.ஏ.எச். இருந்தது, கூரியர் ஆபீஸ், பஸ் ஸ்டாண்டு என்று அலைகிற நாளில் தாங்குகிறது.

வெறும் வீட்டு உபயோகத்துக்கு இவ்வளவு பார்க்க வேண்டுமா என்றால், எல்லாம் வேண்டாம். ஆனால் பணம் போனில் வந்து விழுகிறதே! யு.பி.ஐ. வந்தபிறகு போன்தான் கல்லாப்பெட்டி. போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணைத் (*#06# என்று அழுத்தினால் பதினைந்து இலக்கம் வரும்) தனியாக அரிசி டப்பா மூடியிலாவது எழுதி வையுங்கள். தொலைந்துபோனால் முதலில் சிம்மை நிறுத்தி, பாங்குக்குச் சொல்லி, போலீசில் புகார் கொடுத்து, அந்த எண்ணை வைத்து மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் போனையே முடக்கலாம். பணம் போய்விட்டால் 1930-க்கு உடனே பேச வேண்டும்.

இவர் இப்போது இருக்கும் கம்பெனியில் போன் கொடுக்கவில்லை. சொந்தப் போனிலேயே ஆபீஸுக்கென்று ஒரு தனி அறை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அறையில் இருக்கிற ஒவ்வொன்றின் மேலும் ஒரு குட்டிப் பெட்டி படம் இருக்கும், ஆபீஸ் பெட்டி மாதிரி. ஆபீஸின் சாவி அந்த அறைக்கு மட்டும்தான். எங்கள் படங்களை அவர்கள் பார்க்க முடியாது. வேலையை விட்டால் அந்த அறையை மட்டும்தான் காலி பண்ணுவார்கள். ராத்திரி அதைத் தூங்க வைத்துவிடலாம். சேரும்போது கொடுத்த காகிதத்தை இந்தத் தடவை நான்தான் படித்தேன், ஐந்து பக்கமும், சாம்பார் தாளிப்பதற்கு முன்னால். புரியாத இரண்டு இடத்தில் கோடு போட்டு, கேட்டு வரச் சொல்லி அனுப்பினேன். "என் பெண்டாட்டி கேக்கிறா" என்று சொல்லியே கேட்டிருக்கிறார் மனுஷன்! அப்படியும் மாதக் கடைசி ஞாயிறு எங்கள் வீட்டில் படங்களை ஹார்ட் டிஸ்கில் ஏற்றுகிற நாள். எண்ணெய்க் குளியல் மாதிரி, தவறுவதில்லை.

எதிர்வீட்டுப் பெண் பாதிக் கதையிலேயே எழுந்து, "அவர் வந்தவுடனே பாப்பா படத்தை எல்லாம் எடுக்கச் சொல்றேன்க்கா" என்று ஓடிவிட்டாள். போன் விலையைக் கேட்கவே மறந்துவிட்டாள்.

அத்தை உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். என் பழைய போன் இப்போது அவரிடம்தான் இருக்கிறது. எடுத்தால் முகப்பில் அந்த மங்கலான படம், மாமாவும் பேத்தியும். முறத்தை நான் மறுபடி எடுத்ததும் நிலைப்படிக்கு வந்தார்.

"ஏத்தா, அந்த ஆபீஸ்ல இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தா என்ன? படம் வேண்டாம். அந்தப் பாட்டு மட்டும் இருந்தாப் போதும்."

மாமா திவசம் நெருங்கினால் வருடா வருடம் கேட்பார்.

"கேட்டுட்டோம் அத்தை. இல்லையாம்."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போய், உளுந்தில் கல் பொறுக்க உட்கார்ந்தார்.