கோகோ காயும் ஜூரிச் வீதிகளும்

ஸ்விட்சர்லாந்து என்றால் நமக்கெல்லாம் பனிமலையும் சினிமாப் பாட்டும்தான் ஞாபகம் வரும். அந்த நாட்டின் மிகப் பெரிய நகரம் ஜூரிச். அங்கே பழைய ஊரைக் கால்நடையாகவே சுற்றிக் காட்டி, வழியில் இருக்கும் கடைகளில் சாக்லேட்டையும் ருசி பார்க்க வைக்கிறார்கள். வழிகாட்டி ஒருவர் கூடவே வருவார். இரண்டரை மணி நேர நடை. ஊரின் சரித்திரம் காதுக்கு, சாக்லேட் நாக்குக்கு!

தங்கையின் பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்த எனக்கு, 2025 மே மாதம் இந்த வாய்ப்புக் கிடைத்தது. "ரெண்டு பேரும் நிம்மதியாப் போய்ட்டு வாங்கக்கா, குழந்தையை நான் பார்த்துக்கறேன்" என்று தங்கை வீட்டுக்காரர் எங்களை அனுப்பி வைத்தார். எனக்குச் சாக்லேட் ஆசை அவ்வளவாகக் கிடையாது. ஆனால் ஒரு காரணம் இருந்தது. பொள்ளாச்சிப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கோகோ மரம் நிற்கிறது. நட்டுப் பதினேழு வருஷமாகிறது. காயை உடைத்து உடைத்து என் விரல் நகமெல்லாம் கறுத்திருக்கிறது. அந்தக் கொட்டை கடைசியில் என்னவாகிறது என்று ஒரு நாள் கூடப் பார்த்ததில்லை. போதாததற்கு, நான் விமானம் ஏறும்போது, "இந்த மழைக்கு முன்னால கோகோவை வெட்டிடலாம்னு இருக்கேன்" என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அதனால் இதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

கவசம் அணிந்த பெண்கள்

எங்கள் கூட்டத்தில் பன்னிரண்டு பேர். வழிகாட்டி அறுபது வயது மதிக்கத்தக்க அம்மாள். கையில் அடையாளத்துக்கு ஒரு சிவப்புக் குடை. நிதானமான ஆங்கிலம். எனக்குப் புரியாத இடத்தில் தங்கை எடுத்துச் சொன்னாள்.

முதலில் லிண்டன்ஹோஃப் என்ற மேட்டுக்கு ஏறினோம். ரோமானியர்கள் கோட்டை கட்டியிருந்த இடம். இப்போது லிண்டன் மரங்களின் நிழலில் பெரியவர்கள் முழங்கால் உயரக் காய்களை நகர்த்திச் சதுரங்கம் ஆடுகிறார்கள். கீழே லிம்மாட் நதி பளிச்சென்று ஓடுகிறது. அங்கே ஒரு நீரூற்றின் மேல் கவசம் அணிந்த பெண்ணின் சிலை. 1292இல் எதிரிப் படை ஊரை முற்றுகையிட்டபோது, ஆண்கள் போதாமல் போகவே, ஊர்ப் பெண்கள் கவசம் மாட்டி, ஈட்டி பிடித்து இந்த மேட்டில் அணிவகுத்து நின்றார்களாம். புதுப்படை வந்துவிட்டது என்று எதிரி திரும்பிப் போனானாம். கர்ணபரம்பரைக் கதைதான். ஆனாலும் சிலை வைக்கத் தக்க கதை!

அந்த ஊற்றுத் தண்ணீரையே பாட்டிலில் பிடித்துக்கொண்டோம். ஜூரிச்சில் இப்படி 1,200க்கும் மேற்பட்ட நீரூற்றுகள் இருக்கின்றன. பெரும்பாலும் எல்லாமே குடிக்கலாம். தண்ணீருக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

இறங்கி வந்தால் செயின்ட் பீட்டர் தேவாலயம். அதன் கோபுரக் கடிகாரத்தின் முகம் 8.7 மீட்டர் குறுக்களவு. தேவாலயக் கடிகாரங்களில் ஐரோப்பாவிலேயே பெரியது இதுதான். 1911 வரை அந்தக் கோபுரத்தில் தீ காவலர் ஒருவர் குடியிருந்து, ஊரில் எங்கே புகை கிளம்புகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாராம். பிறகு ஆகஸ்டினர்காஸே என்ற சந்து. இரண்டு பக்கமும் வீடுகளின் மேல்மாடி ஜன்னல்கள் மரப்பெட்டி போலத் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. உள்ளே உட்கார்ந்தபடியே யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். நம் திண்ணையை மாடியில் வைத்த மாதிரி!

பாலைச் சுண்ட வைத்த கதை

சந்தைக் கடந்து பாரடெப்ளாட்ஸ் சதுக்கம் வந்தோம். வங்கிகளுக்கு நடுவில் ஸ்ப்ரூங்லி என்ற மிட்டாய்க்கடை. 1836இல் பழைய ஊருக்குள் ஒரு சந்தில் ஆரம்பித்த குடும்பம். 1845இல் கட்டிச் சாக்லேட் செய்யத் தொடங்கி, 1859இல் இந்தச் சதுக்கத்துக்கு வந்தார்கள்.

பாலேடு சேர்த்துச் செய்த டிரஃபிள் ஆளுக்கொன்று கொடுத்தார் வழிகாட்டி. வாயில் வைத்ததும் வெண்ணெயாகக் கரைந்தது. இங்கே ஒரு குறிப்பு. டிரஃபிளில் சிலவற்றில் மது சேர்க்கிறார்கள். வண்ண வண்ணமாக இருக்கும் லக்ஸம்பர்கர்லி என்ற குட்டி பிஸ்கட்டில் முட்டையின் வெள்ளைக்கரு உண்டு. வேண்டாதவர்கள் முன்கூட்டியே கேட்டு வாங்குவது நல்லது. கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறார்கள்.

அங்கே நின்றபடியே சாக்லேட் சரித்திரத்தைச் சொன்னார் வழிகாட்டி. கோகோவில் பாலைச் சேர்க்க எத்தனையோ பேர் முயன்றிருக்கிறார்கள். பாலில் இருக்கும் தண்ணீரால் கோகோ திரிந்து கெட்டுப் போய்க்கொண்டே இருந்ததாம். இதே நாட்டில் வேவே என்ற ஊரில் டேனியல் பீட்டர் என்பவர், தண்ணீர் சுண்டிய பாலைப் பயன்படுத்தி 1875இல் பால் சாக்லேட் செய்தார். பாலைச் சுண்டக் காய்ச்சித் திரட்டுப்பால் கிளறுகிற நமக்கு இந்த சூட்சுமம் சட்டென்று புரிந்துவிடும்! 1879இல் பெர்ன் நகரத்து ருடால்ஃப் லிண்ட், கோகோ விழுதை மணிக்கணக்காகப் புரட்டிப் புரட்டி மழமழப்பாக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அதுவரை சாக்லேட் பல்லில் நறநறவென்று கடிபடுமாம்.

அடுத்து ஃபிராவ்மூன்ஸ்டர். 853இல் ஓர் அரசர் தம் மகளுக்காக ஏற்படுத்திய பெண்கள் மடம். அதன் தலைவிக்கு நாணயம் அடிக்கும் உரிமை, சந்தை நடத்தும் உரிமை எல்லாம் இருந்திருக்கிறது. ஊரே அவர் கையில்! 1524இல் கடைசித் தலைவி கத்தரினா மடத்தை நகரத்திடம் ஒப்படைத்தார். உள்ளே மார்க் ஷகால் என்ற ஓவியரின் கண்ணாடி ஜன்னல்கள், 1970இல் பதித்தவை. நீலமும் பச்சையுமாக வெளிச்சம் வந்து விழுகிறது. பேச்சு தானாக அடங்கிவிடுகிறது.

வெளியே வந்ததும் வழிகாட்டி சொன்னார்: "ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒரு பெண் நாணயம் அடித்தாள். ஆனால் இந்த நாட்டில் தேசியத் தேர்தலில் ஓட்டுப் போட எங்களுக்கு 1971தான் வாய்த்தது. என் அம்மா முதல் தடவை ஓட்டுப் போட்டுவிட்டு வந்து அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது." நம் நாட்டில் முதல் பொதுத் தேர்தலிலேயே, 1951–52இலேயே, பெண்கள் ஓட்டுப் போட்டுவிட்டார்கள் என்று தங்கையை விட்டுச் சொல்லச் சொன்னேன். அந்த அம்மாள் நின்று, என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் தூக்கிய கை

பாலத்தைக் கடந்தால் இரட்டைக் கோபுரத்தோடு கிராஸ்மூன்ஸ்டர் தேவாலயம். அதையும் தாண்டி மேடும் பள்ளமுமான கல் பாவிய சந்துகள். ஸ்பீகல்காஸே என்ற சந்தில் 14ஆம் எண் வீட்டில் லெனின் 1916, 17ஆம் ஆண்டுகளில் குடியிருந்திருக்கிறார். கால் வலிக்க ஆரம்பித்த நேரத்தில் ஒரு சின்னக் கடைக்குள் கூட்டிப் போனார் வழிகாட்டி. கோகோ கொட்டையை வாங்கித் தானே வறுத்து, தானே அரைத்து சாக்லேட் செய்யும் கடை அது.

உள்ளே நுழைந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூலையில் நம் இட்லி மாவு கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது! கடைக்காரரைக் கேட்டேன். ஆமாம், இந்த மாதிரிச் சின்னச் சாக்லேட் தயாரிப்பாளர்கள் உலகமெங்கும் பயன்படுத்துவது நம் கல் கிரைண்டரிலிருந்து பிறந்த இயந்திரத்தைத்தான். கோவையிலிருந்தும் செய்து அனுப்புகிறார்கள். அரிசிக்குப் பதில் கோகோவை, ஒன்றிரண்டு நாள் நிறுத்தாமல் ஓட்டுகிறார்கள்.

கடைக்காரர் ஒரு காய்ந்த கோகோ காயைத் தூக்கிக் காட்டி, "இதை மரத்தில் பார்த்தவர்கள் யாராவது உண்டா?" என்று கேட்டார். பன்னிரண்டு பேரில் நான் மட்டும் கை தூக்கினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. "சொல்லுக்கா, நான் இங்கிலீஷ்ல சொல்றேன்" என்றாள் தங்கை.

சொன்னேன். காய் கிளை நுனியில் தொங்காது, அடிமரத்திலும் பெரிய கிளைகளிலும் ஒட்டிக்கொண்டு காய்க்கும் என்றேன். கத்தியால் வெட்டினால் கொட்டையில் காயம் படும், கட்டையால் தட்டித்தான் உடைக்க வேண்டும் என்றேன். உள்ளே முப்பது, நாற்பது கொட்டை, வெள்ளைச் சதை மூடி, சீத்தாப்பழம் மாதிரி தித்திக்கும், அதற்காகவே அணில் ஓட்டை போடும் என்றேன். பிறகு என் அத்தை செய்ததைச் சொன்னேன். நட்ட புதிதில் சில வருஷம், மூங்கில் கூடையில் வாழையிலை விரித்து, ஈரக் கொட்டையைக் கொட்டி, மேலே சாக்கால் மூடி வைப்பார் அத்தை. மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் கிளறி விடுவார். முதலில் கள் வாடை, அப்புறம் காடி வாடை. கையை உள்ளே விட்டால் வெந்நீர் மாதிரி சுடும். ஆறு நாள் கழித்து வெயிலில் காய வைப்பார். ஈரக் கொட்டையையே வந்து வாங்கிக்கொள்ள ஆரம்பித்த பிறகு அந்தக் கூடை பரணுக்குப் போய்விட்டது.

கடைக்காரர் பேசாமல் உள்ளே போய் இரண்டு கொட்டைகளைக் கொண்டுவந்து குறுக்கே வெட்டிக் காட்டினார். ஒன்று உள்ளே கத்தரிப்பூ நிறம். இன்னொன்று நல்ல பழுப்பு. முதலாவதைக் கடித்தால் கசப்பும் துவர்ப்பும்தான், சாக்லேட் வாசனை துளிக் கூட இல்லை. இரண்டாவதில்தான் அந்த மணம். "முதல் கொட்டை சரியாகப் புளிக்காதது. வறுப்பதும் அரைப்பதும் என் வேலை. ஆனால் தோட்டத்தில் அந்த ஆறு நாள் சரியாக நடக்கவில்லை என்றால், இங்கே நான் எது செய்தாலும் வாசனை வராது. இந்த அம்மாளின் மாமியார்தான் முதல் சாக்லேட்காரர்" என்றார்.

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது எனக்கு. அத்தை போய் நான்கு வருஷமாகிறது. அவர் ஒரு துண்டு சாக்லேட் கூடச் சாப்பிட்டதில்லை.

ருசி பார்க்கும் முறை

அங்கே சொல்லிக் கொடுத்ததை வாசகிகளுக்குச் சொல்கிறேன். நல்ல சாக்லேட்டை உடைத்தால் 'டக்' என்று சத்தம் வர வேண்டும், மேலே பளபளப்பு இருக்க வேண்டும். முதலில் முகர வேண்டும். பிறகு சின்னத் துண்டை நாக்கில் வைத்து, கடிக்காமல் கரைய விட வேண்டும். கோகோ வெண்ணெய் நம் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் குறைவான சூட்டில் உருகுவதால் தானாகவே கரையும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு வாய் தண்ணீர். இப்படிச் சாப்பிட்டால் இரண்டு துண்டிலேயே மனம் நிறைந்துவிடுகிறது. மென்று விழுங்கினால் முழுக் கட்டியும் போன இடம் தெரியாது!

கறுப்புச் சாக்லேட் உடம்புக்கு நல்லது என்று நினைத்துத் தாராளமாகச் சாப்பிடுகிறவர்கள் கவனிக்கவும். 70 சதவீதம் என்று போட்டிருந்தால் மீதி 30 பெரும்பாலும் சர்க்கரைதான். பெரும்பாலும் எந்தச் சாக்லேட்டானாலும் 100 கிராமில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. நீரிழிவுக்காரர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். வாங்கும்போது உறையைப் படியுங்கள். கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருந்தால் விலை மலிவு, ருசியும் மலிவு. வெயிலில் உருகி இறுகிய சாக்லேட்டில் வெள்ளையாகப் பூத்திருந்தால் பெரும்பாலும் அது பூஞ்சணம் இல்லை, மேலே வந்த கொழுப்புத்தான். பாயசத்திலோ பாலிலோ போட்டுத் தீர்த்துவிடலாம். நம் ஊர் வெயிலுக்குக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, டப்பாவோடு வெளியே எடுத்து, குளிர் விட்ட பிறகு திறக்க வேண்டும். போய்ப் பார்க்கிறவர்கள் தட்டையான செருப்புப் போட்டுக்கொண்டு போங்கள். அந்தக் கல் பாவிய சந்துகளில் குதிகால் செருப்பு உதவாது.

அன்று ராத்திரியே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "வாசனை கிடக்கட்டும். விலை ஏறும்போது நம்மகிட்ட காய் இல்ல, காய் இருக்கும்போது விலை இல்ல" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். 2024இல் உலகச் சந்தையில் கோகோ டன் 10,000 டாலரைத் தாண்டியது, 2025இல் சரிந்தது. மூன்று கிலோ ஈரக் கொட்டை காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும். அணில் தின்றது போக மிச்சம்தான் நமக்கு. "ஒரே ஒரு கூடை போட்டுப் பார்க்கலாமுங்க. சரி வரலேன்னா வெட்டுங்க, நான் தடுக்கலே" என்றேன்.

ஊர் திரும்பியதும் பரணிலிருந்து கூடையை இறக்கினேன். ஆறாம் நாள் பத்துக் கொட்டையை வெட்டிப் பார்த்தோம். ஏழு பழுப்பு, மூன்று கத்தரிப்பூ. வீட்டுக்காரர் ஒன்றை எடுத்து ரொம்ப நேரம் முகர்ந்து பார்த்தார். "அடுத்த கூடைக்கு நாலாவது நாளும் ஒரு தரம் கிளறி விடு" என்றார். மரம் வெட்டுகிற ஆளுக்கு இன்னும் சொல்லி அனுப்பவில்லை.