அணையாத அடுப்பும் ஒரு பிளாஸ்க் டீயும்

வடலூர் தருமசாலையில் 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. போன மாதம் அங்கே பந்தியில் காத்திருந்தபோது, மகளுக்குப் பச்சேந்திரி பால் கதையைச் சொன்னேன். எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண். அவர் உச்சியைத் தொட்டதும் ஒரு மே 23தான், 1984-இல்!

அதற்கு ஒரு வாரம் முன்பு, தூங்கும்போது பனிச்சரிவு கூடாரத்தை மூடிவிட்டது. உடனிருந்தவர் கத்தியால் கூடாரத்தைக் கிழித்துத்தான் அவரைக் காப்பாற்றினார். அப்படியும் ஊர் திரும்பவில்லை. கடைசி முகாமுக்கு முன்னதாகப் போய்ச் சேர்ந்தவர், ஒரு பிளாஸ்கில் டீ, இன்னொன்றில் ஜூஸ் எடுத்துக்கொண்டு, பின்னால் வருகிறவர்களுக்காகப் பனிக்காற்றில் மறுபடி கீழே இறங்கினாராம். உச்சிக்குப் போனதைவிட எனக்கு இதுதான் பெரிசாப் பட்டது. 2013 உத்தரகண்ட் வெள்ளத்தின்போதும் மலைக் கிராமங்களுக்குக் குழுவோடு உதவப் போனார்.

“அவங்களுக்குப் பயமே இல்லையாம்மா?” என்றாள் மகள். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள்.