தொப்பி கிடைக்காத அப்பா

தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடும் பையன்களிடம் ஏ.ஜி.ராம்சிங் யாரென்று கேட்டுப் பாருங்கள். பலரும் முழிப்பார்கள். "மில்கா சிங் இருக்காரே, அவரோட அப்பா" என்றால், "ஓட்டப்பந்தய வீரர்தானே?" என்பார்கள். அவர் வேறு, இவர் வேறு!

1910ல் சென்னையில் பிறந்த சீக்கியர் ராம்சிங். இடது கை சுழற்பந்து, நல்ல பேட்டிங். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம். ரஞ்சி கோப்பையின் முதல் போட்டி, மதராஸும் மைசூரும் மோதின. மைசூர் 48க்கு ஆல் அவுட், மதராஸ் 130, மறுபடி மைசூர் 59. ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிட்டது. ராம்சிங் எடுத்தது மொத்தம் 35 ரன்னுக்கு 11 விக்கெட்!

இப்படி ஆடியவருக்கு இந்திய அணியில் இடம் நிச்சயம் என்றுதானே நினைப்பீர்கள்? கடைசிவரை கிடைக்கவில்லை. முதல் தர ஆட்டங்களில் 3000 ரன்னுக்கு மேல், 250 விக்கெட்டுக்கு மேல் எடுத்தும் ஒரு டெஸ்ட் கூட இல்லை. காலமும் சதி செய்தது. 1932 முதல் 1936 வரை இந்தியா ஆடியதே 7 டெஸ்ட்தான். அப்புறம் உலகப் போர். அடுத்த டெஸ்ட் 1946 ஜூனில் வந்தபோது ராம்சிங்குக்கு 35 வயது.

வேறொருவர் என்றால் கசந்துபோய் மட்டையை மூலையில் சாத்தியிருப்பார். ராம்சிங் கோச் ஆனார். ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார், வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார்.

1954-55ல் மதராஸ் முதல்முறையாக ரஞ்சி கோப்பையை வென்றபோது அந்த அணியில் மூத்த மகன் கிருபால் சிங் இருந்தார். அதே 1955ல் ஹைதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராக, முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 100. தம்பி மில்காவும் இந்தியாவுக்கு ஆடினார். 1961-62ல் இங்கிலாந்துக்கு எதிராக அண்ணனும் தம்பியும் ஒரே அணியில்! 1988-89ல் பேரன் அர்ஜன் கோவாவுக்கு எதிராக 302 விளாசினார். 1999ல் காலமான ராம்சிங் இதையெல்லாம் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார்.

கிருபாலுக்கு 14 டெஸ்ட், மில்காவுக்கு 4, அப்பாவுக்குப் பூஜ்யம். ரெக்கார்டு புத்தகம் அப்படித்தான் சொல்லும். ஆனால் அந்த 18லும் அப்பாவுக்குப் பங்கு இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?